அஞ்சல்பெட்டி திறக்கிறது, பதில் மட்டும் போக மறுக்கிறது

வாசகர் கேள்வி–பதில்: அலுவலகக் கணினி

அலுவலக மின்னஞ்சலில் யார் எந்தப் பெட்டியைத் திறக்கலாம், யார் எந்த முகவரியில் எழுதலாம் என்பதைப் பற்றியே இம்மாதக் கடிதங்கள் பலவும் கேட்டிருந்தன. எனவே இந்த ஒரே பொருளில் வந்தவற்றிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, துவாஸில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஒரு பொது முகவரி உண்டு. ஆறு பேரும் அந்தப் பெட்டியைத் திறந்து, அதே முகவரியிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதி வந்தோம். அலுவலகத்தில் இருந்த எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் அஞ்சல் சர்வரை விட்டு, இணையவழிச் சேவையான மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாறிய பிறகு முதலில் பெட்டியே திறக்கவில்லை. ஒப்பந்த ஐடி நிறுவனத்திலிருந்து வந்த தம்பி ஏதோ செய்ததும் திறந்தது. ஆனால் பதில் எழுதி அனுப்பினால், இந்த முகவரியின் பெயரில் அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரும்பி வருகிறது. “ஃபுல் ஆக்சஸ் கொடுத்துட்டேன் அக்கா, இதுக்கு மேல கொடுக்க ஒண்ணும் இல்லை” என்கிறார் அவர். பழைய சர்வரில் இத்தனை ஆண்டுகள் ஓடிய வேலை ஏன் நின்றது?
— துவாஸ் வாசகி

பதில்: அந்தத் தம்பி சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான். எக்ஸ்சேஞ்சில் பிறருடைய அஞ்சல்பெட்டியின் மேல் ஒருவருக்குத் தரப்படும் உரிமைகள் மூன்று. அவை தனித்தனியே தரப்படுபவை. ஒன்றைக் கொடுத்தால் மற்றது கூடவே வராது. ‘ஃபுல் ஆக்சஸ்’ உள்ளவர் பெட்டியைத் திறக்கலாம், படிக்கலாம், நகர்த்தலாம், அழிக்கலாம். ஆனால் அந்த முகவரியிலிருந்து ஒரு வரி கூட அனுப்ப முடியாது. ‘செண்ட் ஆஸ்’ உள்ளவர் அந்த முகவரியாகவே அனுப்பலாம். பெறுபவருக்கு உங்கள் பிரிவின் பெயர் மட்டும் தெரியும். ‘செண்ட் ஆன் பிஹாஃப்’ உள்ளவர் அனுப்பும்போது, இன்னார் இன்னாருக்காக அனுப்பியது என்று இரண்டு பெயரும் தெரியும். பின்னிரண்டும் ஒருவருக்கே இருந்தால் செண்ட் ஆஸ்தான் செயல்படும். உங்கள் ஆறு பேருக்கும் கிடைத்திருப்பது முதலாவது மட்டும்.

பழைய சர்வரில் ஓடியது ஏன் என்ற கேள்விதான் இதில் முக்கியம். அலுவலகத்துக்குள் இருக்கும் எக்ஸ்சேஞ்சில் ஃபுல் ஆக்சஸ் என்பது அஞ்சல்பெட்டியோடு இருக்கும் உரிமை. செண்ட் ஆஸ் என்பதோ, அலுவலகத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில், அந்தப் பெட்டிக்குரிய கணக்கின் மேல் எழுதப்படும் உரிமை. ஆக்டிவ் டைரக்டரியில் எழுதப்படுவது என்பதால், பல அலுவலகங்களில் அதை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே எழுதாமல், ஒரு துறையின் கணக்குகள் எல்லாம் இருக்கும் கிளையின் மேல் ஒரே தடவை எழுதி, கீழே உள்ளவற்றுக்குத் தானாக இறங்கும்படி விட்டிருப்பார்கள். இன்னும் சில அலுவலகங்களில், கோப்பு சர்வருக்கென்று உருவாக்கிய, மின்னஞ்சல் முகவரியே இல்லாத ஒரு குழுவுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருப்பார்கள். இரண்டும் பழைய இடத்தில் குறையில்லாமல் வேலை செய்யும். ஆனால் பெட்டியை மைக்ரோசாஃப்ட் 365-க்கு நகர்த்தும்போது, அந்தப் பெட்டியின் மேல் நேரடியாக எழுதப்பட்ட உரிமைகள் மட்டுமே கூடவே போகும். மேலிருந்து இறங்கி வந்த உரிமைகளும், மின்னஞ்சல் முகவரி இல்லாத குழுக்களுக்குத் தரப்பட்ட உரிமைகளும் பின்தங்கிவிடும். முதலில் பெட்டியே திறக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் பிரிவின் எல்லா உரிமைகளும் இப்படி ஒரு குழுவின் வழியாகவோ கிளையின் வழியாகவோ வந்தவை என்றே தோன்றுகிறது. வந்தவர் திறக்கும் உரிமையை மட்டும் புதிதாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

ஊகத்தில் நிற்காமல் சரிபார்ப்பதும் எளிது. நிர்வாக உரிமை உள்ளவர் கட்டளைகளை எழுதி இயக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பவர்ஷெல்லில் உங்கள் பொதுப் பெட்டிக்குக் கெட்-மெயில்பாக்ஸ்பெர்மிஷன் கட்டளையை ஓட்டினால் ஃபுல் ஆக்சஸ் பட்டியல் வரும். செண்ட் ஆஸ் பட்டியல் அதில் வராது. அதற்குக் கெட்-ரெசிப்பியன்ட்பெர்மிஷன் என்ற வேறு கட்டளை. முதல் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு. பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் பயனரின் பெயர், உரிமையின் பெயர் ஆகியவற்றோடு, அந்த உரிமை மேலிருந்து இறங்கியதா என்று ஒரு கட்டமும், அது அனுமதியா மறுப்பா என்று ஒரு கட்டமும் இருக்கும். மறுப்புக் கட்டத்தில் ‘ட்ரூ’ என்று ஒரு வரி இருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நேரடியாக எழுதப்பட்ட மறுப்பு அனுமதியை வென்றுவிடும். ‘செல்ஃப்’ என்று முடியும் வரி அந்தப் பெட்டியின் சொந்தக் கணக்கைக் குறிக்கிறது, அதைத் தொடவேண்டாம். பெயர் வரவேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் வரிசை நின்றால், அது பெரும்பாலும் எப்போதோ நீக்கப்பட்ட ஊழியர் கணக்கின் மிச்சம். அதனால் தீங்கில்லை, ஆனாலும் துடைத்துவிடுவது நல்லது.

கட்டளைகள் பழக்கமில்லாதவர்கள் எக்ஸ்சேஞ்ச் நிர்வாக மையத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து, டெலிகேஷன் பகுதிக்குப் போனால் மூன்று உரிமைகளும் மூன்று தனிப் பட்டியல்களாக இருப்பதைப் பார்க்கலாம். அங்கே செண்ட் ஆஸ் பட்டியலில் உங்களைச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆறு பேரையும் ஒவ்வொருவராகச் சேர்க்கலாம். என்னைக் கேட்டால், மின்னஞ்சல் முகவரி உள்ள ஒரு பாதுகாப்புக் குழுவை உங்கள் பிரிவுக்கென்று உருவாக்கி, அதற்கு ஃபுல் ஆக்சஸ், செண்ட் ஆஸ் இரண்டையும் கொடுக்கச் சொல்வேன். ஆள் வந்தால் குழுவில் சேர்ப்பது, போனால் குழுவிலிருந்து நீக்குவது என்று வேலை அதோடு நின்றுவிடும். இதில் ஒரு சிறு தொல்லை உண்டு. அது மூன்றாவது கேள்விக்கான பதிலில் வருகிறது.

உரிமை கொடுத்த உடனே சோதித்துப் பார்த்து, சரியாகவில்லை என்று மறுபடி மாற்றி, மறுபடி சோதிப்பவர்கள் தங்கள் நேரத்தைத்தான் வீணாக்குகிறார்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் மாற்றம் எங்கும் பரவ ஒரு மணி நேரம் வரை பிடிக்கலாம். அலுவலகச் சர்வரில் உரிமை விவரங்களைச் சர்வர் தன் நினைவில் வைத்திருக்கும் காரணத்தால் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குப் பிறகும் போகவில்லை என்றால், ‘ஃப்ரம்’ கட்டத்தில் அவுட்லுக் தானாக நிரப்பும் பழைய முகவரியை நீக்கிவிட்டு, நிறுவனத்தின் பொது முகவரிப் பட்டியலிலிருந்து அதைப் புதிதாகத் தேர்ந்தெடுங்கள். மாறி வந்த அலுவலகங்களில் இந்தப் பழைய நினைவு செய்யும் குழப்பம் கொஞ்சமல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், அடுத்த வாரம் அதுவே கேள்வியாக வரும். செண்ட் ஆஸ் மூலம் நீங்கள் அனுப்பும் பதில்கள் வழக்கமாக உங்கள் சொந்த ‘செண்ட் ஐட்டம்ஸ்’ கோப்புறையில்தான் விழும். மற்ற ஐவருக்கும் அது தெரியாமல் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பேர் பதில் எழுதும் நிலை வரும். அனுப்பிய அஞ்சலின் ஒரு நகலைப் பொதுப் பெட்டியிலும் வைக்கும் ஏற்பாடு அந்தப் பெட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது, செண்ட் ஆஸுக்கு ஒன்று, செண்ட் ஆன் பிஹாஃபுக்கு ஒன்று. அதையும் இயக்கிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈசூனில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் ஐடி வேலையைத் தனியாளாகப் பார்க்கிறேன். எங்களிடம் எக்ஸ்சேஞ்ச் 2019 அலுவலகத்திலேயே இருக்கிறது. முதலாளியின் பெயரில் அஞ்சல் அனுப்ப அவருடைய செயலாளருக்குச் செண்ட் ஆஸ் கொடுத்தேன். சிறிது நேரம் வேலை செய்தது, பிறகு உரிமை காணாமல் போய்விட்டது. மறுபடி கொடுத்தால் மறுபடியும் அதே கதை. சர்வரில் வைரஸ் இருக்குமோ என்று முதலாளி கேட்கிறார்.
— ஈசூன் வாசகர்

பதில்: வைரஸ் இல்லை, முதலாளியின் கணக்கைப் பாதுகாப்பதற்காக ஆக்டிவ் டைரக்டரி செய்யும் வேலை அது. முதலாளியின் கணக்கு டொமைன் அட்மின்ஸ் போன்ற ஒரு நிர்வாகக் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் தொடங்கிய நாளில் எல்லாக் கடவுச்சொல்லும் என் கையில் இருக்கட்டும் என்று முதலாளிகள் சொல்வதும், சர்வர் நிறுவியவர் அவரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டுப் போவதும் நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் வழக்கம்தான்.

இத்தகைய உயர்நிலைக் குழுக்களில் உள்ள கணக்குகளின் மேல் யாராவது புதிதாக உரிமை எழுதினால் ஆபத்து என்பதற்காக, ஆக்டிவ் டைரக்டரி அட்மின்-எஸ்டி-ஹோல்டர் என்ற ஒரு மாதிரியை வைத்திருக்கிறது. ஒவ்வொரு 60 நிமிடத்துக்கும் ஒரு முறை, டொமைனின் முதன்மைக் கட்டுப்பாட்டுச் சர்வர் அந்தக் கணக்குகளின் உரிமைப் பட்டியலை இந்த மாதிரியோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மாதிரியில் உள்ளபடியே திருத்தி எழுதிவிடும். நீங்கள் சேர்த்த செண்ட் ஆஸ் வரி அந்த மாதிரியில் இல்லாததால் துடைக்கப்படுகிறது. ஃபுல் ஆக்சஸ் கொடுத்திருந்தால் அது மட்டும் அப்படியே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அது ஆக்டிவ் டைரக்டரிக் கணக்கின் இந்தப் பட்டியலில் இல்லை என்பதே காரணம். முதலாளி புதுக் கைப்பேசி வாங்கும்போது அதில் அலுவலக அஞ்சலை அமைக்க முடியாமல் தவித்திருந்தால், அதற்கும் வேர் பெரும்பாலும் இதுவே.

தீர்வு, முதலாளியின் அன்றாடக் கணக்கை நிர்வாகக் குழுவிலிருந்து எடுப்பது. அவருக்கு நிர்வாக அதிகாரம் வேண்டியே தீரும் என்றால், அஞ்சல்பெட்டி இல்லாத தனி நிர்வாகக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். குழுவிலிருந்து எடுத்தவுடன் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கணக்கு என்பதற்கு அடையாளமான அட்மின்கவுண்ட் பண்பு 1 என்றே நிற்கும், மேலிருந்து உரிமை இறங்குவதும் அடைபட்டே இருக்கும். அந்தப் பண்பை நீங்களே அழித்து, கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உரிமை இறங்குவதை மீண்டும் திறந்துவிட்டு, அதன் பிறகு செண்ட் ஆஸ் கொடுத்தால் நிலைக்கும். அட்மின்-எஸ்டி-ஹோல்டர் மாதிரியிலேயே செயலாளரின் பெயரை எழுதிவிட்டால் போதுமே என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் அவருக்கு அந்த உரிமை நிறுவனத்தின் பாதுகாக்கப்பட்ட கணக்குகள் அனைத்தின் மேலும் கிடைத்துவிடும்.

எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே இந்தச் சிக்கலைத் தீர்த்த கையோடு, எக்ஸ்சேஞ்சின் புதிய பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு மாறுவதா, மைக்ரோசாஃப்ட் 365-க்குப் போவதா என்ற பேச்சையும் முதலாளியிடம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் கணக்குத் துறையிலிருந்து கொள்முதல் துறைக்கு மாறிவிட்டேன். கணக்குத் துறையின் பொதுப் பெட்டி இன்னும் என் அவுட்லுக்கின் இடப்பக்கத்தில் நிற்கிறது. மூட முயன்றால் முடியவில்லை. புதிய துறையின் பெட்டியோ, உரிமை கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லியும் வரவே இல்லை.
— தெம்பனிஸ் வாசகி

பதில்: இரண்டுக்கும் ‘ஆட்டோமேப்பிங்’ என்ற ஒரே ஏற்பாடுதான் காரணம். ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் ஃபுல் ஆக்சஸ் கொடுத்தால், அந்தப் பெட்டி அவருடைய அவுட்லுக்கில் தானாக வந்து சேரும். குழுவின் வழியாகக் கொடுத்தால் வராது. முன்னதில் உங்கள் பெயர் இன்னும் கணக்குத் துறைப் பெட்டியின் பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தம். துறை மாறியவரிடம் அந்த உரிமை இருக்கவும் கூடாது, எனவே அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்கி, அவுட்லுக்கை மூடித் திறந்தால் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். வேலை நிமித்தம் உரிமை இருந்தும் பெட்டி கண்ணில் படவேண்டாம் என்பவர்களுக்கு, உரிமையை நீக்கிவிட்டு ஆட்டோமேப்பிங்கை அணைத்து மறுபடி கொடுக்கலாம். இதைப் பவர்ஷெல்லில்தான் செய்ய முடியும். புதிய துறையின் பெட்டியை நீங்கள் உங்கள் அவுட்லுக்கின் கணக்கு அமைப்புகளில் கையால் ஒரு முறை சேர்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: சிராங்கூன் ரோட்டில் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். விற்பனையைக் கவனித்துக்கொண்ட பெண் வேலையை விட்டுவிட்டார். வாடிக்கையாளர்களின் ஆர்டர்கள் எல்லாம் அவருடைய அஞ்சலில்தான் இருக்கின்றன. அவருடைய கடவுச்சொல்லை வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கொண்டு நானே நுழைந்து பார்க்கலாமா? இனிமேல் இப்படி நேராமல் இருக்க, எல்லா ஊழியர்களின் பெட்டிக்கும் எனக்கு ஃபுல் ஆக்சஸ் கொடுத்துவிடும்படி ஐடி நிறுவனத்திடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.
— சிராங்கூன் ரோடு வாசகர்

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில்.

கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்தால், அதன் பின் அந்தப் பெட்டியில் நடப்பவை எல்லாம் அவர் செய்ததாகவே பதிவேட்டில் பதியும். மைக்ரோசாஃப்ட் 365-இல் 2019-இலிருந்து பெட்டிகளின் செயல்பாட்டுப் பதிவு இயல்பாகவே இயங்குகிறது. நாளைக்கு ஓர் ஆர்டரைப் பற்றித் தகராறு வந்தால், அழித்தது அவரா நீங்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையை நீங்களே உண்டாக்கிக்கொள்வதாகும். அந்தக் கடவுச்சொல்லை இன்றே மாற்றச் சொல்லுங்கள். கணக்கில் யாரும் உள்நுழைய முடியாதபடி தடுக்கவும் சொல்லுங்கள். ஆனால் கணக்கை அழித்துவிடக் கூடாது. அழித்தால் 30 நாளுக்குள் மீட்காவிட்டால் பெட்டியும் போய்விடும். அதற்குப் பதில் அந்தப் பெட்டியை, பலர் சேர்ந்து பார்க்கக்கூடிய பகிர்வுப் பெட்டியாக மாற்றச் சொல்லுங்கள். 50 ஜிபிக்குள் இருக்கும் பகிர்வுப் பெட்டிக்கு உரிமக் கட்டணம் இல்லை, எனவே அவருக்காகக் கட்டிவந்த மாதக் கட்டணமும் மிச்சம். மாற்றி முடிந்த பிறகு, ஆர்டர்களைக் கவனிக்கப்போகும் ஒருவருக்கு ஃபுல் ஆக்சஸ் கொடுங்கள். செண்ட் ஆஸ் கொடுக்க வேண்டாம். வேலையை விட்டுப் போனவரின் பெயரில் இனி ஓர் அஞ்சலும் போகக் கூடாது. பழைய வாடிக்கையாளர் அந்த முகவரிக்கு எழுதினால், இனி இன்னாரைத் தொடர்பு கொள்ளவும் என்ற தானியங்கிப் பதில் போகும்படி வைத்தால் போதும்.

இரண்டாவது யோசனையைப் பற்றி. நிறுவனத்தின் அஞ்சல் நிறுவனத்தின் சொத்து என்ற உங்கள் எண்ணம் புரிகிறது. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, ஊழியர்களின் மருத்துவ விடுப்புச் சீட்டு என்று பிறருடைய தனிப்பட்ட விவரங்கள் கிடக்கின்றன. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நிறுவனம் சிறியதானாலும், தன்னிடமுள்ள இத்தகைய விவரங்களை அத்துமீறிய அணுகலிலிருந்து காக்க நியாயமான ஏற்பாடு செய்யும்படி கேட்கிறது. அதைக் கவனிக்க ஓர் அதிகாரியையும் நியமிக்கச் சொல்கிறது. எல்லாப் பெட்டியும் ஒரே கணக்குக்குத் திறந்திருந்தால், போலி அஞ்சல் ஒன்றில் நீங்கள் ஒரு தடவை ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்தாலே நிறுவனம் முழுவதும் வெளியே போய்விடும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரங்கள் அப்படிக் கசிந்தால், அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட பின் 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்கவேண்டும். முதலாளியின் கணக்கைத்தான் மோசடிக்காரர்கள் முதலில் குறிவைப்பார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆர்டர்கள் ஒருவரின் பெயருள்ள பெட்டியில் சேர்ந்ததுதான் உங்கள் சிக்கலின் தொடக்கம். ஆர்டர்களுக்கென்று ஒரு பகிர்வு முகவரியை உருவாக்கி, பெயர் அட்டையிலும் விலைப்பட்டியலிலும் அதையே அச்சிட்டு, அதைப் பார்க்கும் உரிமையை உங்களுக்கும் விற்பனையாளருக்கும் வைத்துக்கொண்டால், ஊழியரின் சொந்தப் பெட்டியைத் திறக்கும் அவசியம் மிக அரிதாகிவிடும். எப்போதாவது திறக்க நேர்ந்தால், யார், எதற்காக, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று எழுதி வைத்து, வேலை முடிந்த அன்றே உரிமையை நீக்கிவிடச் சொல்லுங்கள். அலுவலக அஞ்சல் தேவைப்பட்டால் இவ்வாறு பார்க்கப்படும் என்பதை ஊழியர்களுக்கு வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவித்துவிடுவதும் அவசியம்.

கேள்வி: எங்கள் பள்ளிவாசல் அலுவலக நகலெடுக்கும் இயந்திரம் ஸ்கேன் செய்ததை அஞ்சலில் அனுப்ப மறுக்கிறது. 5.7.60 என்று ஒரு பிழை எண் வருகிறது.
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இயந்திரம் உள்நுழையும் கணக்கு ஒன்று, அனுப்புநர் முகவரியாக அதில் எழுதப்பட்டிருப்பது வேறொன்று. உள்நுழையும் கணக்குக்கு அந்த அனுப்புநர் முகவரியின் மேல் செண்ட் ஆஸ் இல்லாததால் சர்வர் தடுக்கிறது. இயந்திரத்தின் அமைப்பில் அனுப்புநர் முகவரியை உள்நுழையும் கணக்கின் முகவரியாகவே மாற்றுங்கள். அது முடியாவிட்டால் மட்டும் செண்ட் ஆஸ் கொடுங்கள், அதுவும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும்.